பழைய பட்டணம் எது?

சென்னையில் ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்துக்கொண்டால், யோக க்ஷேமங்களை விசாரித்து முடித்த கையோடு ஒருவர் பெருமூச்சு விடுவார். "அந்தக் காலத்து மெட்ராஸே வேறே, சார்!" என்பார். மற்றவரும் ஒரு பெருமூச்சு விட்டு ஆமோதிப்பார். அவர்களுடைய ஒற்றுமையைக் கண்டு நாம் சந்தோஷப்படலாம். ஆனால் 'அந்தக் காலம்' என்பது எந்த வருஷம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஆளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், சொல்கிறவருக்குப் பத்து வயதிலிருந்து இருபது வயது வரையில் எந்த வருஷங்கள் நடந்தனவோ, அவைதான் பட்டணத்தின் பொற்காலமாக இருக்கும்.

எங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மாம்பலத்தில் ஏரி இருந்த அழகைச் சொல்லிச் சொல்லி என் தாத்தா மாய்ந்து போவார். அப்பாவுக்கு ஏரியைப் பற்றிக் கவலையில்லை. 1953-ஆம் ஆண்டில் டிராம் வண்டி நின்றதோடு பட்டணத்தின் லட்சணமும் போய்விட்டது என்பது அவர் கட்சி. நான் டிராமில் ஏறியதில்லை. எனக்கு மூர் மார்க்கெட் எரிந்து போனதுதான் துக்கம். என் தம்பி மகளுக்கு மூர் மார்க்கெட் என்பது ரயில் அறிவிப்பில் காதில் விழுகிற ஒரு பெயர், அவ்வளவுதான். அவள் அண்ணா சாலையில் சாந்தி தியேட்டர் இல்லாமற் போனதைச் சொல்லி வருத்தப்படுகிறாள். நாலு தலைமுறைக்கு நாலு பட்டணங்கள். நாலும் போய்விட்ட பட்டணங்கள்!

கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பெருமூச்சு நல்ல மூலதனம். ஒரு கை ரிக்‌ஷா, ஒரு சோடாக் கடை, ஒரு திண்ணை ஆகியவற்றைக் காட்டிவிட்டால் போதும். மீதியை வாசகர்களே நிரப்பிக்கொள்வார்கள். என் நாவல்களில் வரும் தெருக்களைத் தேடிக்கொண்டு வந்து, காணாமல், எனக்குக் கடிதம் எழுதிய நேயர்கள் உண்டு. "நம் பட்டணத்தை என்ன செய்துவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்று அவர்கள் கேட்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் 'நம் பட்டணம்' என்பது எது, 'செய்துவிட்டவர்கள்' யார் யார் என்று சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கினால், விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

1639-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியரான பிரான்ஸிஸ் டே என்பவர், தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து கூவம் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு மணல் வெளியைப் பெற்றார். வியாபாரத்துக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். துறைமுகம் கிடையாது; கப்பல் தூரத்திலேயே நிற்கும்; ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். ஆனால் சுற்று வட்டாரத்தில் நெசவாளர்கள் இருந்தார்கள். துணி மலிவாகக் கிடைத்தது. கும்பெனியாருக்கு அது போதும். மறு ஆண்டே கோட்டையின் முதல் பகுதி எழுந்தது. நாயக்கருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் சென்னப்பட்டணம் என்ற பெயர் ஏற்பட்டது என்பார்கள். அந்த மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்த குப்பத்து ஜனங்களை யாரும் அபிப்பிராயம் கேட்டதாகச் சரித்திரத்தில் இல்லை.

"அது கும்பெனிக்காரன் பட்டணம். உண்மையான பழைய ஊர் எங்கள் மயிலாப்பூர் அல்லவா?" என்று மயிலாப்பூர்க்காரர்கள் குறுக்கிடுவார்கள். வாஸ்தவம். மயிலாப்பூர் சம்பந்தர் பாடிய ஊர். பக்கத்திலுள்ள திருவல்லிக்கேணி ஆழ்வார்கள் பாடிய ஸ்தலம். ஆனால் சம்பந்தர் கண்ட கோயில் கடலோரத்தில் இருந்ததென்றும், 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் சாந்தோமில் குடியேறிய பிறகு அது அழிந்ததென்றும் சொல்கிறார்கள். அந்தப் பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோமில் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் அறுபத்து மூவர் திருவிழாப் பார்க்கிற கபாலீசுவரர் கோயில் கடலை விட்டுத் தள்ளிப் பின்னால் எழுந்தது. ஆகவே பழைய ஊரின் பழைய கோயிலும் ஒரு தடவை இடம் பெயர்ந்த கோயில்தான்.

கோட்டைக்கு வடக்கே உருவான இந்தியர்களின் பட்டணத்துக்கு இதைவிடப் பெரிய கதி நேர்ந்தது. நெசவாளர்கள், சாயம் போடுகிறவர்கள், செட்டிமார்கள், துபாஷிகள் எல்லாரும் கோட்டையின் மதிலை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு நூறு வருஷம் வாழ்ந்தார்கள். கறுப்பர் பட்டணம் என்று கும்பெனியார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்தபோது, அந்த வீடுகள் அவர்களுக்குக் கண்ணில் உறுத்தின. எதிரி மறைந்து வர வசதியாயிற்றே என்று ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள். 1749-ல் சமாதானம் ஏற்பட்டு இங்கிலீஷ்காரர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்களா என்றால், இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் செய்தது நல்ல யோசனையாயிற்றே என்று, பின்வந்த ஆண்டுகளில் மீதியையும் இடித்துச் சமனாக்கினார்கள். ஊருக்கு நடுநாயகமாக இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால், தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்ன மல்லிகேசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோயில்கள் பிறகு எழுந்தன. பூக்கடைப் பக்கம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

இடித்த இடம் வெற்று மைதானமாயிற்று. இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் தூண்கள் நாட்டினார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஜனங்கள் கட்டக் கூடாது என்ற அந்த வெளியில்தான் பிற்பாடு ஹைகோர்ட்டுக் கட்டடம் எழுந்து 1892-ல் திறக்கப்பட்டது. அந்தச் சிவப்புக் கோபுரங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்து, "ஆகா, பழைய மெட்ராஸ்!" என்று நாம் பரவசப்படுகிறோமே, அதன் அஸ்திவாரத்தில் உண்மையான பழைய மெட்ராஸின் கோயிலும் வீடுகளும் இருந்தன. வீடிழந்தவர்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன் பேட்டையிலும் போய்க் குடியேறி, மறுபடியும் கடை பரப்பினார்கள். அதற்கும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டு, 1906-ல்தான் ஜார்ஜ் டவுன் என்று மாறியது.

மெரினாக் கடற்கரை ஒன்றாவது இயற்கையாக வாய்த்ததல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1876-ல் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் அடித்த புயல் அதைச் சின்னாபின்னமாக்கிற்று, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையோரமாக மணல் தெற்கேயிருந்து வடக்கே ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகத்துச் சுவர் அதை மறித்தது. மறிபட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து விரிந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே 1884-ல் உலாவும் சாலை ஒன்று போட்டு, மெரினா என்று பெயரும் சூட்டினார். சுண்டல் தின்றுகொண்டு நாம் காற்று வாங்கும் மணலில் பெரும் பகுதி துறைமுகம் கொடுத்த மணல். சரி, தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டியதல்லவா? அது போகவில்லை. ஆகையால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அங்கிருந்த மீனவர்கள் வீடுகளை இழந்தார்கள். இன்று அந்தக் கரை முழுவதும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்குக் கவிதை எழுதக் கடற்கரை கிடைத்த அதே காரியத்தால், வடக்கே இருப்பவர்களுக்குக் கடற்கரை போயிற்று. நம் பட்டணத்தின் சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன்.

இனி என் சொந்தச் சொர்க்கத்துக்கு வருகிறேன்.

மௌண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் ஒரு நீண்ட ஏரித் தொடர் இருந்தது. 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரர்கள் அதை அழைத்தார்கள். ஏரி என்றால் மழை நீர் தேங்குகிற ஒரு பள்ளம் என்று பட்டணத்தில் பிறந்தவர்கள் நினைக்கிறோம். அப்படியல்ல. வரத்துக் கால்வாய், கரை, மதகு, கலங்கல் என்று அதற்கு அங்கங்கள் உண்டு. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாயும். நிரம்பினால் கலங்கல் வழியே மிச்சம் வெளியேறி அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். தரைக்குள் இறங்கிய தண்ணீர் சுற்றிலுமுள்ள கிணறுகளில் ஊறும். மழை மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போகிற சீமையில், அந்த மூன்று மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக நீட்டுகிற உபாயம் அது.

1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. பட்டணத்தில் ஜனநெருக்கடி, குமாஸ்தாக்களுக்கும் வாத்தியார்களுக்கும் வக்கீல்களுக்கும் குடியிருக்க வீடில்லை. மாம்பலத்து ஏரியின் தண்ணீரை வடித்து, மேடாக்கி, மனை போட்டார்கள். சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. பனகால் அரசரின் பெயரால் நடுவே பூங்கா. உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர்களின் பெயர்கள் சுற்றிலும். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலும் வந்துவிட்டது. "மாம்பலத்துக்குக் குடி போகிறாயா? கொசு தூக்கிக்கொண்டு போய்விடும்" என்று மயிலாப்பூர் உறவினர்கள் பரிகாசம் செய்ததைக் கேட்டுக்கொண்டே, என் தாத்தா கடன் வாங்கி ஒரு மனை வாங்கினார்.

வேடிக்கையைப் பாருங்கள்! ஏரியின் அழகைச் சொல்லி மாய்ந்து போன அதே தாத்தா, அந்த ஏரியின் வயிற்றில்தான் வீடு கட்டினார். அதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஏரி போன துக்கம் ஒரு பக்கம். சொந்த வீடு வந்த சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டையும் அவர் திண்ணையில் ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அனுபவித்தார். அந்த வீட்டு மாமரமும், துளசி மாடமும், கொல்லைக் கிணறும்தான் நான் கதைகளில் எழுதி எழுதித் தீராத பழைய மாம்பலம். ஏரிக்கு இன்று அடையாளம் பெயர்ப் பலகைகள் மட்டுமே. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. டாங்கும் இல்லை, பண்டும் இல்லை. எழும்பூர்ப் பக்கம் ஸ்பர் டாங்க் ரோடும் அப்படியே. இறந்தவர்களின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பது போலத் தெருக்களுக்கு வைத்திருக்கிறோம்.

சரித்திரம் இப்படி இருக்கும்போது, நான் எந்த முகத்தோடு மூர் மார்க்கெட்டுக்காக அழுவது? 1900-ல் அது கட்டப்பட்டது. பழைய புத்தகங்களின் வாசனையும், பேரம் பேசுகிற குரல்களும், கூண்டுப் பட்சிகளின் கூச்சலுமாக 85 வருஷம் வாழ்ந்தது. 1985 மே மாதத்தில் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்திருக்கிறது. தினந்தோறும் அங்கே வந்து இறங்குகிற ஜனங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், நான் நாலணாவுக்கு வாங்கிய நாவல்களுக்காக அந்த நிலையத்தை வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

1996-ல் மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை என்று ஆனபோதும் என் சிநேகிதர்கள் சிலர் தந்தை பெயரையே மாற்றிவிட்டாற்போலக் கொதித்தார்கள். தமிழில் நாம் எப்போதும் சென்னை என்றே எழுதி வந்தோம். வெளியூர்க்காரர்கள் பட்டணம் என்றே சொல்லி வந்தார்கள். மாறியது இங்கிலீஷ் மட்டும். இருந்தும், பழைய சிநேகிதனோடு பேசும்போது 'மெட்ராஸ்' என்று என் வாய் சொல்கிறது. விலாசம் எழுதும்போது 'சென்னை' என்று கை எழுதுகிறது. இரண்டும் சண்டை போடாமல் இத்தனை வருஷமாக ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துகின்றன.

இந்தப் பெருமூச்சு விஷயத்தில் என் தம்பி மகள் என்னைச் சும்மா விடுவதில்லை. அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் நான் திண்ணைகளின் பெருமையை விஸ்தரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"பெரியப்பா, அந்தத் திண்ணையில பொம்பளைங்க எப்ப உட்கார்ந்தாங்க?"

"சாயந்திரம் உட்காருவாங்கம்மா..."

"ஆம்பளைங்க வர்ற வரைக்கும்தானே? உங்க மெட்ராஸ்ல எங்க பாட்டி ராத்திரி பத்து மணிக்குத் தனியா வேலையிலிருந்து திரும்பி வந்திருப்பாங்களா? நான் வரேன். மெட்ரோல உட்கார்ந்து உங்க கதையையே படிச்சிட்டு வரேன்."

நான் என்ன பதில் சொல்வது? 2015-ல் ஓட ஆரம்பித்த மெட்ரோ ரயிலில் என்னைப் போன்றவர்களும் குளிர்ச்சியாகத்தான் பிரயாணம் செய்கிறோம். அவள் சொல்லாமல் விட்டவையும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அந்தக் காலத்து வீட்டுக் கொல்லைக்கு ஒரு தனி வாசல் உண்டு. மனிதக் கழிவை மனிதரே கூடையில் சுமந்து செல்வதற்காக வைத்த வாசல் அது. வாடகைக்கு வீடு தேடி வந்தவரிடம் முதலில் கேட்டது பெயரை அல்ல, ஜாதியை. பழைய பட்டணம் அழகாக இருந்தது என்று சொல்கிற ஒவ்வொருவரும், யாருக்கு அழகாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லா மாறுதலும் நல்லதே என்று கையெழுத்துப் போட்டுவிடலாமா? அதுவும் முடியவில்லை. என் பெருமூச்சுகளைச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பார்த்தேன். டிராம், மூர் மார்க்கெட், தியேட்டர், பெயர் எல்லாம் கீழே உதிர்ந்துவிட்டன. இரண்டே விஷயங்கள் மேலே நின்றன. ஒன்று தண்ணீர், மற்றொன்று மனிதர்கள்.

தண்ணீரின் கதையை வருஷ வாரியாகப் பாருங்கள். 1772-ல் ஏழு கிணறு வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். 1872-ல் செங்குன்றத்து ஏரியிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்தது. சத்தியமூர்த்தி மேயராக இருந்து பாடுபட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது; அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1996-ல் ஆந்திர தேசத்திலிருந்து கிருஷ்ணா நதி நீர் வந்தது. 2004-ல் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள். 2010-ல் மீஞ்சூரில் கடல் நீரையே குடிநீராக்கினார்கள். ஒவ்வொன்றும் பெரிய காரியம், வேண்டிய காரியம். ஆனால் ஒவ்வொரு முறையும் கூடவே இன்னொன்றும் நடந்தது. தூரத்துத் தண்ணீர் குழாயில் வந்தவுடன், பக்கத்து ஏரி வெறும் நிலமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறவனுக்கு மதகைப் பற்றி என்ன கவலை? என் தாத்தாவின் மனை அப்படிப் பிறந்ததுதான். பின்னால் புறநகர் ஏரிகள் பல அதே வழியில் போயின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பக்கம் குப்பையைக் கொட்டினார்கள். மற்றப் பக்கங்களில் கட்டடங்கள் நெருங்கி வந்தன.

பக்கிங்ஹாம் கால்வாயின் கதையும் இதுவே. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் பட்டணத்துக்கு ஓடி வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க அவர்களைக் கொண்டு வெட்டிய பகுதி அதில் உண்டு. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் வெகு காலம் போயின. 1990-களில் அதன் நடுவிலேயே தூண் நிறுத்திப் பறக்கும் ரயில் விட்டார்கள். தண்ணீருக்கு வழி குறுகியது.

பெருமூச்சு விட்டால் கட்டடம் திரும்பி வராது. தண்ணீர் அப்படியல்ல, அது திரும்பி வரும். 2015 டிசம்பர் முதல் தேதி வந்தது. அடையாறு கரை கடந்து, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று வீடுகளின் மாடியைத் தேடி ஏறிற்று. மேற்கு மாம்பலத்திலும் தெருவே ஏரியாக நின்றது. பத்திரப் பதிவு ஆபீசில் ஏரி என்பது நஞ்சையாகி, மனையாகி, அடுக்கு மாடியாகிவிட்டது; மேகத்துக்கு அந்தப் பத்திரம் எதுவும் போய்ச் சேரவில்லை. நாலு வருஷம் கழித்து 2019 கோடையில் அதே பட்டணம் குடத்தை ஏந்திக்கொண்டு நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின்போது மறுபடியும் வெள்ளம். மூழ்குகிற ஊரும் தவிக்கிற ஊரும் ஒன்றேயாக இருப்பது விசித்திரம் போலத் தோன்றும். ஏரி இருந்தபோது அந்த இரண்டு துன்பத்துக்கும் அது ஒன்றே மருந்தாக இருந்தது என்று தெரிந்தால் விசித்திரம் இல்லை.

இரண்டாவது, மனிதர்கள். 1750-களில் கறுப்பர் பட்டணத்தை இடித்தபோது, ஜனங்கள் நடந்து போகிற தூரத்தில் முத்தியால்பேட்டை இருந்தது. மறுநாள் அதே சந்தையில் அவர்கள் வியாபாரம் செய்ய முடிந்தது. நம் காலத்தில் கூவக் கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தோம். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. ஆனால் மந்தைவெளியில் வீட்டு வேலை செய்தவளுக்கும் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவளுக்கும் வேலை அங்கேயே நின்றுவிட்டது; வீடு மட்டும் வெகு தூரம் போய்விட்டது. ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆற்றில் சாக்கடையை விட்டவர்களில் மாடி வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்; வீட்டைக் காலி செய்தவர்களில் அவர்கள் இல்லை.

ஆகவே, பட்டணம் மாறக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாறுவதையே தொழிலாகக் கொண்டு பிறந்த ஊர் இது. ஏதாவது ஒன்றை இடிக்கும்போதும் எழுப்பும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்: இங்கே விழுகிற மழை இனி எங்கே போகும்? இங்கே இருந்த ஜனங்கள் இனி எங்கே போவார்கள்? இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால், என் நாவல்களில் வரும் தெரு முழுவதையும் இடித்துக்கொள்ளட்டும். நான் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறுநாள் புதுத் தெருவில் உலாவப் போவேன். இப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதற்கும் சில அறிகுறிகள் உண்டு. பள்ளிக்கரணையில் எஞ்சிய சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம் பெற்றது. சேத்துப்பட்டு ஏரியைத் தூர் வாரிப் படகு விட்டிருக்கிறார்கள்.

உபதேசம் செய்கிறவன் தன் வீட்டுக் கணக்கையும் காட்ட வேண்டும். தாத்தா கட்டிய வீடு தம்பிக்கும் எனக்கும் பொது. தளம் ஒழுகுகிறது, மராமத்துச் செலவு எங்கள் சக்திக்கு மீறிப் போய்விட்டது, எங்கள் முழங்கால்கள் மாடிப்படியை மறுக்கின்றன. இடித்துவிட்டு அடுக்கு மாடி கட்டிக் கொடுக்க ஒருவர் முன்வந்தார். நாங்களும் சம்மதித்துவிட்டோம். மாமரம் போகும். திண்ணை போகும். எழுதும்போதே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து குடும்பங்கள் அங்கே வாழப் போகின்றன.

அவர் கொண்டுவந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தோம். கொல்லைக் கிணறு இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, 'கார் 7' என்று எழுதியிருந்தது. 2003-ல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானபோது மொட்டை மாடித் தண்ணீரை அந்தக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டிருந்தோம். 2019-ல் தெரு முழுவதும் லாரிக்குக் காத்திருந்தபோது, அதன் அடியில் கலங்கலாகவேனும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. தாத்தா காலத்து ஏரியில் எங்கள் பங்குக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

"மூடிட்டா ஒரு கார் நிறுத்தலாம் சார். அதுக்கு இந்த ஏரியாவுல நல்ல விலை" என்றார் கட்டுகிறவர்.

தம்பி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் போட்டேன். அதற்குள் அவன் மகள் மேஜை மேலிருந்த என் பேனாவை எடுத்து, 'கார் 7' என்பதை அடித்துவிட்டு, 'கிணறு' என்று எழுதினாள்.

அவர் எங்களுக்குத் தர வேண்டிய தொகையில் அந்தக் காரின் விலையைக் கழித்துக்கொண்டார்.